ஐந்து நிமிடத் தீர்ப்பு

கேள்வி: பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் 20 ஆண்டுகளாக மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஆளைப் பார்த்த ஐந்து நிமிடத்தில், தேறுவாரா மாட்டாரா என்று சொல்லிவிடுவேன். என் கணிப்பு தவறியதே இல்லை. அண்மையில், சுங்கை பட்டாணியிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு 20 நிமிடம் தாமதமாக வந்து, முகம் பார்த்துப் பேசவும் தயங்கிய இளைஞர் ஒருவரைப் பொறுப்பற்றவர் என்று திருப்பி அனுப்பினேன். இது முன்முடிவு என்கிறார் உடன் பணிபுரியும் நண்பர். அனுபவத்துக்குப் பெயர் முன்முடிவா?
— வாசகர், பினாங்கு

பதில்: தவறியதே இல்லை என்பதை எப்படி அறிந்தீர்கள், ஐயா? நீங்கள் சேர்த்துக்கொண்டவர்கள் நன்றாக உழைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் திருப்பி அனுப்பியவர்கள் வேறிடத்தில் நன்றாக உழைத்தால், அதை உங்களுக்கு எழுதித் தெரிவிக்கப் போவதில்லை. வரவை மட்டும் 20 ஆண்டுகளாக எழுதிவந்து, நட்டமே கண்டதில்லை என்று சொல்லும் கடைக்காரரை நீங்கள் நம்புவீர்களா?

எட்வர்ட் தார்ன்டைக் என்னும் அமெரிக்க உளவியலாளர், ராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழிருந்தோருக்கு அளித்த மதிப்பீடுகளைப் பற்றி 1920இல் எழுதினார். உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, ஒழுக்கம் ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிடச் சொல்லியிருந்தும், ஒன்றில் உயர்ந்தவர் பெரும்பாலும் மற்றவற்றிலும் உயர்ந்தும், ஒன்றில் தாழ்ந்தவர் மற்றவற்றிலும் தாழ்ந்துமே காணப்பட்டார். அந்த அதிகாரிகளும் அனுபவசாலிகள்தாம்.

1977இல் நிஸ்பெட், வில்சன் ஆகிய இருவர் நடத்திய சோதனை இன்னும் கூர்மையானது. அயல்நாட்டு உச்சரிப்பில் ஆங்கிலம் பேசும் ஒரே ஆசிரியரை, ஒரு படத்தில் கனிவாகவும் மற்றொன்றில் கடுகடுப்பாகவும் பேச வைத்து, மாணவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் காட்டினார்கள். கனிவைக் கண்டவர்களுக்கு அவருடைய உச்சரிப்பு இனித்தது. கடுகடுப்பைக் கண்டவர்களுக்கு அதே உச்சரிப்பு எரிச்சலூட்டியது. வேடிக்கை என்னவென்றால், எரிச்சலடைந்தவர்கள், உச்சரிப்பு பிடிக்காததால்தான் ஆளையும் பிடிக்கவில்லை என்று நம்பினார்கள். (நானும் யோக்கியனல்லன், கையெழுத்து அழகாக இருக்கும் கடிதங்களையே முதலில் படிப்பேன். உங்களுடையது தட்டச்சில் வந்தது.)

இனி உங்கள் இளைஞரிடம் வருவோம். பெருநிலத்திலுள்ள சுங்கை பட்டாணியிலிருந்து பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸுக்குச் சாலை வழியே வருபவர் கடல் பாலத்தைக் கடந்தாக வேண்டும். காலை நேரத்து நெரிசலில் நீங்களும் அங்கே நின்றிருப்பீர்கள். உங்கள் தாமதத்துக்குப் பாலம் காரணமாக இருந்தது, அவருடைய தாமதத்துக்கு மட்டும் அவருடைய குணம் காரணமாகிவிட்டது. ஏன் தாமதம் என்று அவரிடம் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. முகம் பார்த்துப் பேசாததைப் பற்றியும் சொல்ல வேண்டும்: பெரியவர்கள் முன்னால் கண்ணைத் தாழ்த்திப் பேசு என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர்கள் நாம்தாமே? வீட்டில் பணிவு என்று பாராட்டியது அலுவலகக் கதவைத் தாண்டியதும் எப்படிப் பொறுப்பின்மையாயிற்று?

உங்கள் அனுபவத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேளுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே மதிப்பெண் இடுங்கள். தாமதத்துக்குக் குறைக்க வேண்டுமென்றால் அதற்கு மட்டும் குறையுங்கள். மொத்தத்தைக் கூட்டிய பிறகு, உங்கள் ஐந்து நிமிடத் தீர்ப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த இளைஞரின் விண்ணப்பம் இன்னும் உங்கள் கைவசம் இருந்தால், அவரிடமிருந்தே தொடங்கலாம். நேரத்தை மட்டும் காலை பத்து மணிக்குப் பிறகு வையுங்கள்.