கேள்வி – பதில்: பழைய பெட்ரோல் இன்ஜினுக்கு உயிர் கொடுப்பது

பெரிய மாடல் விமானங்களுக்கான பெட்ரோல் இன்ஜினைப் பழையதாக வாங்கிய வாசகர்களின் கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: ஐயா, டிஎல்இ நிறுவனத்தின் 55 சிசி இன்ஜின் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஐந்து வருடம் பெட்டியில் கிடந்ததாம். சோக் போட்டால் ஒரு நொடி பிடித்து அணைந்துவிடுகிறது. கார்பரேட்டர் ஊசிகளை (கலவையைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளை) எப்படித் திருகியும் பலனில்லை. புதுக் கார்பரேட்டர் வாங்கிவிடலாமா?
– வாசகர், செந்தூல்

பதில்: வேண்டாம். ஊசிகளையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். சோக்கில் பிடிக்கிறது என்றால் தீப்பொறி வருகிறது, கம்ப்ரஷனும் இருக்கிறது. பெட்ரோல்தான் வந்து சேரவில்லை. ஐந்து வருடத்தில் கார்பரேட்டருக்குள் பெட்ரோலை இழுத்து அளவிடும் மெல்லிய சவ்வான டயாஃப்ரம் காய்ந்து அப்பளமாகியிருக்கும்.

கார்பரேட்டர் அநேகமாக வால்ப்ரோ நிறுவனத்தது அல்லது அதன் நகலாக இருக்கும். உடம்பில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு ஒரு புல்வெட்டி இயந்திரக் கடைக்குப் போங்கள். தோட்டங்களில் ஓடும் மெசின் ரும்புட்டிலும் (புல்வெட்டியிலும்) மரம் அறுக்கும் இயந்திரத்திலும் இதே குடும்பத்துக் கார்பரேட்டர்தான் இருக்கிறது. வால்ப்ரோ கிட்டில் (பழுதுபார்க்கும் உதிரிப்பாகத் தொகுப்பில்) இரண்டு வகை உண்டு. ‘டி’ என்று தொடங்குவதில் டயாஃப்ரமும் கேஸ்கெட்டும் மட்டுமே இருக்கும். ‘கே’ என்று தொடங்குவதில் ஊசி வால்வு, லீவர், ஸ்பிரிங், சல்லடை எல்லாம் சேர்ந்து வரும். ஐந்து வருடம் கிடந்த இன்ஜினுக்குக் ‘கே’ கிட்டே வாங்குங்கள்.

பிரிக்கும்போது ஒவ்வொரு அடுக்கையும் கைப்பேசியில் படம் எடுங்கள். இரண்டு பக்கமும் அடுக்கும் வரிசை ஒன்றல்ல, பலர் தடுக்கி விழுவது இங்கேதான். லீவர் இருக்கும் அளவிடும் பக்கத்தில் முதலில் கேஸ்கெட், அதன் மேல் டயாஃப்ரம், பிறகு மூடி. பம்ப் பக்கத்தில் முதலில் டயாஃப்ரம், அதன் மேல் கேஸ்கெட், பிறகு மூடி. மாற்றி வைத்தால் இன்ஜின் ஓடவே ஓடாது, அல்லது ஓடுவது போல் பாசாங்கு காட்டும். பம்ப் மூடிக்கு அடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சல்லடை இருக்கும். பழுப்புப் பிசின் அடைத்திருக்கும் இடம் பெரும்பாலும் அதுதான். லீவரின் உயரத்தைக் கழற்றும் முன்பே அளந்து வையுங்கள். புது ஸ்பிரிங் போட்ட பிறகும் அதே உயரம் வர வேண்டும். லீவர் உயர்ந்தால் பெட்ரோல் வழியும், தாழ்ந்தால் இன்ஜின் பட்டினி கிடக்கும். நுண்துளைகளில் கம்பி விட்டுக் குடையாதீர்கள். கார்பரேட்டர் கிளீனரும் அழுத்தக் காற்றும் போதும்.

பூட்டும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வரும் கேஸ்கெட்டில் பெரிய வட்டத்துக்குப் பக்கத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். கிராங்க்கேஸ் (பிஸ்டனுக்குக் கீழுள்ள அறை) மூச்சு விடுவது அந்தத் துளை வழியாகத்தான். அந்த மூச்சில்தான் பம்ப் ஆடுகிறது. கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டால் துளை அடைபட்டு, புதுக் கிட் போட்டும் அதே நோய் தொடரும்.

பிறகு இரண்டு ஊசிகளையும் மெல்ல மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் லோ ஊசி (குறைந்த வேகத்துக்கானது). திராட்டிலைச் சட்டென்று திறக்கும்போது இன்ஜின் செத்தால் கலவை மெலிவு (பெட்ரோல் குறைவு), குளறிக் குளறி ஏறினால் கொழுப்பு (பெட்ரோல் அதிகம்). அடுத்து ஹை ஊசி (முழு வேகத்துக்கானது). முழுத் திராட்டிலில் உச்ச வேகத்தை டாக்கோமீட்டரில் பார்த்து, அதிலிருந்து 200 முதல் 300 ஆர்பிஎம் குறையும் வரை ஊசியைத் திறந்து நிறுத்துங்கள். பிறகு லோ ஊசியை மறுபடி ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: கிட் மாற்றியாயிற்று. ஆனால் திராட்டிலை இறக்கினாலும் வேகம் உடனே இறங்காமல் தொங்குகிறது. ஐடில் நிலையாக நிற்கவில்லை.
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது. கிராங்க் சீல், சிலிண்டர் அடிக் கேஸ்கெட், ரீட் பிளாக் (கலவையை உள்ளே மட்டும் விடும் இதழ் வால்வு) ஆகிய மூன்றில் ஒன்று. இதை ஊசியால் சரிசெய்ய நினைத்தால் பிஸ்டனைத்தான் இழப்பீர்கள்.

வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கைக்கருவி இருந்தால் அதுவே போதும். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, பித்தளைக் குழாயை எப்பாக்சியால் ஒட்டி, ரப்பர் பந்தின் குழாயை அதில் மாட்டுங்கள். சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பரும் தகடும் வைத்து, சைலன்சர் வாயையும் கார்பரேட்டர் வாயையும் போல்ட் போட்டு மூடுங்கள். பிஸ்டனைக் கீழ்நிலைக்குக் கொண்டுவந்தால் சிலிண்டரும் கிராங்க்கேஸும் ஒரே அறையாகிவிடும். முள் 300ஐ (மில்லிமீட்டர் பாதரசம்) தொடும் வரை அழுத்துங்கள். அது ஏறக்குறைய 0.4 பார். ஒரு நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்பு நீரைத் தூரிகையால் பூசுங்கள், குமிழ் வரும் இடம்தான் குற்றவாளி. புரொப் ஹப்புக்கு (விசிறி மாட்டும் குடத்துக்கு) பின்னால் எண்ணெய்க் கறை தெரிந்தால் முன் சீலை முதலில் சந்தேகப்படுங்கள்.

ரீட் இதழ்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முனை உடைந்ததையும் தூக்கி நிற்பதையும் மாற்றிவிடுங்கள். வளைத்து நேராக்க முயல வேண்டாம்.

கேள்வி: படகு மோட்டாருக்கான டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் வீட்டில் நிறைய இருக்கிறது. அதையே கலக்கலாமா? பெட்ரோல் ரோன்97 தேவையா?
– வாசகர், தெலுக் பஹாங், பினாங்கு

பதில்: கூடாது. டிசி-டபிள்யூ3 என்று போட்ட எண்ணெய் தண்ணீரில் குளிரும் இன்ஜினுக்கானது. நம்முடையது காற்றில் குளிர்வது, சூடு அதிகம். ஜாசோ எஃப்டி என்ற ஜப்பானியத் தரக் குறியீடு உள்ள எண்ணெய் வாங்குங்கள். 32க்கு 1 என்றால் 5 லிட்டருக்கு 156 மில்லி. விகிதத்தை மாற்றினால் ஊசியையும் மறுபடி பார்க்க வேண்டும்: எண்ணெய் கூடும்போது பெட்ரோலின் பங்கு குறைகிறது, கலவை மெலிகிறது. இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ரோன்95 தாராளமாகப் போதும்.

குளோ இன்ஜினுக்கு (மெத்தனால் எரிபொருளில் ஓடும் மாடல் இன்ஜினுக்கு) போட்ட சிலிக்கோன் குழாய் டேங்கில் மிச்சமிருந்தால் தூக்கி எறியுங்கள், பெட்ரோலில் ஊறி உப்பிப் போகும். பெட்ரோல் தாங்கும் டைகான் குழாய் போடுங்கள். டேங்க் அடைப்பானும் பெட்ரோலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

கேள்வி: பேரிங், ரிங் இரண்டையும் கட்டாயம் மாற்ற வேண்டுமா?
– வாசகர், பத்து மலை

பதில்: பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பிளக்கைக் கழற்றி ஹப்பைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மணல் அரைபடுவது போல் நறநறத்தால் பேரிங்கில் துரு. நம்மூர் ஈரக்காற்றில் இது சகஜம். பேரிங் மேல் உள்ள எண்ணைப் படித்து, அதே அளவில் சி3 (வழக்கத்தைவிடச் சற்று அதிக) இடைவெளியுள்ள, மூடியில்லாத பேரிங் வாங்குங்கள். மூடி இருந்தால் எண்ணெய்க் கலவை உள்ளே போகாது. கிராங்க்கேஸில் பெட்ரோல் வாடையே இல்லாமல் கழுவிக் காயவைத்து, ஹீட் கன்னால் சூடேற்றுங்கள். தோசைக்கல் பதம் பார்ப்பது போல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்று வற்றினால் சரியான சூடு. முத்தாக உருண்டு ஓடினால் சூடு அதிகம். பதமான சூட்டில் மரப்பலகையில் லேசாகத் தட்டினாலே பேரிங் விழுந்துவிடும். கிராங்க்கிலேயே ஒட்டிக்கொண்டால் புல்லர் போட்டு இழுங்கள், சுத்தியல் வேண்டாம்.

ரிங்குக்கு, சைலன்சரைக் கழற்றித் துவாரம் வழியாகப் பிஸ்டனைப் பாருங்கள். நெடுக்குக் கோடுகள் இல்லையென்றால் அதை அப்படியே விடலாம். சிலிண்டரைக் கழற்ற நேர்ந்தால், ரிங்கை உள்ளே விட்டுப் பிஸ்டனால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். 25 மில்லிமீட்டர் போருக்கு (சிலிண்டரின் உள்விட்டத்துக்கு) 0.1 மில்லிமீட்டர் என்பது பொதுக் கணக்கு. 45 மில்லிமீட்டர் போர் உள்ள 55 சிசிக்கு 0.18 வரும். 0.5ஐத் தாண்டினால் மாற்றுங்கள். சிலிண்டரின் உள்சுவர் முலாம் பூசியது, ஹோன் போட்டால் (உரசித் தேய்த்தால்) அதோடு தொலைந்தது. திரும்பப் பூட்டும்போது ரிங்கின் வாய் பள்ளத்தில் உள்ள சிறு ஆணியில் உட்கார வேண்டும்.

கேள்வி: தரையில் அருமையாக ஓடுகிறது. மேலே போனதும் இருமுகிறது.
– வாசகர், காஜாங்

பதில்: கவுலிங்குக்குள் (இன்ஜினை மூடும் உறைக்குள்) பாயும் காற்று, கார்பரேட்டரின் அளவிடும் பக்க மூடியில் உள்ள சிறு துளையை அழுத்துகிறது. டயாஃப்ரம் அதைத் தவறாகக் கணக்கெடுத்துக் கலவையை மாற்றிவிடுகிறது. அந்த மூடியைத் தனியே கழற்றி, துளை மேல் ஒரு பித்தளைக் குழாயைச் சால்டர் செய்து, அதிலிருந்து டியூபை விமானத்தின் உடலுக்குள் காற்று படாத இடத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள். கவுலிங்கைக் கழற்றிவிட்டு ஒருமுறை பறக்கவிட்டால் காரணம் இதுதானா என்று முன்பே தெரிந்துவிடும்.