குளுக்கோசில் கொழுத்த பங்கசு

கேள்வி: மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பெனிசிலியம் பங்கசு ஒன்றை இறுதியாண்டு ஆய்வுக்காகக் குளுக்கோசிலும் இலக்டோசிலும் தனித்தனியே வளர்த்தேன். குளுக்கோசுக் குடுவையில் மூன்றாம் நாளே தடித்த பாய் படர்ந்தது. ஆனால் ஏழாம் நாள் வடித்தெடுத்த நீரைச் சோதித்தபோது, தக்காளி இலையைத் தாக்கும் அல்டர்னேரியா என்னும் பங்கசை அதிகம் தடுத்தது இலக்டோசுக் குடுவையின் நீர்தான். நன்றாக வளர்ந்தது ஏன் குறைவாகச் சுரக்கிறது?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: வளர்ச்சியும் சுரப்பும் சேர்ந்தே ஏறும் என்ற எதிர்பார்ப்பில்தான் பிழை இருக்கிறது. குளுக்கோசு தாராளமாகக் கிடைக்கும்வரை பங்கசு உடலைப் பெருக்குவதிலேயே முனைந்திருக்கும். அவ்வேளையில் கிரெஏ என்னும் அடக்கிப் புரதம் மற்றக் காபன் மூலங்களைச் செரிக்கும் பரம்பரையலகுகளை மூடிவைக்க, பல இனங்களில் துணை அனுசேபப் பொருள்களின் (வளர்ச்சிக்கு நேரடியாகத் தேவைப்படாத, மற்ற நுண்ணுயிர்களைத் தடுக்கும் எதிர்ப்பொருள் போன்றவற்றின்) உற்பத்தியும் தாழ்ந்துவிடுகிறது. இலக்டோசையோ முதலில் உடைத்தாக வேண்டும். அது மெதுவாகவே நடப்பதால் பங்கசு அரைப்பட்டினியில் நாள்களைக் கடத்துகிறது, எதிர்ப்பொருள் பிறப்பதும் அந்நாள்களில்தான்.

1941இல் அமெரிக்காவின் பியோரியாவில் அன்ட்ரூ மோயர், பென்சிலின் தரும் பங்கசை வளர்க்கும் ஊடகத்தில் சுக்குரோசுக்குப் பதிலாக இலக்டோசை இட்டு விளைச்சலை உயர்த்தினார். பிற்காலத் தொழிற்சாலைகள் குளுக்கோசையே சிறுகச் சிறுக ஊட்டி அப்பலனைப் பெற்றன. சீனி எது என்பதைவிட அது வந்து சேரும் வேகமே பெரிது என்பேன்.

பென்சிலின் பற்றீரியாவைக் கொல்வது. பங்கசை எதிர்க்கும் பொருளுக்கு, 1939இல் பெனிசிலியம் கிரிசியோபுல்வத்திலிருந்து பிரிக்கப்பட்ட கிரிசியோபுல்வினைப் பாருங்கள்: அதன் மூலக்கூற்றின் எலும்புக்கூடு, இரு காபன் கொண்ட அசற்றேற்று அலகுகள் ஏழால் ஆனது, அவ்வலகுகளோ சீனி உடைந்து வருபவை. சீனியே மூலப்பொருளாகவும் இருப்பதால் முழுப் பட்டினியும் உதவாது.

ஒப்பீட்டில் இரு குடுவைகளிலும் காபன் சமமாக இருக்கட்டும். 10 கிராம் குளுக்கோசில் 4 கிராம் காபன், நீரற்ற இலக்டோசில் 4.2 கிராம். ஏழாம் நாளோடு நிறுத்தாமல், நாள்தோறும் எஞ்சிய சீனி, பிஎச், உலர்நிறை மூன்றையும் குறியுங்கள். குளுக்கோசுக் குடுவை பிந்தியாவது சுரக்கத் தொடங்குகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

நுணுக்குக்காட்டியில் அல்டர்னேரியாவின் இழை நுனிகள் சுருண்டிருந்தால் கிரிசியோபுல்வினைச் சந்தேகிக்கலாம். 1946இல் அது ‘சுருட்டும் காரணி’ என்றே அறியப்பட்டது. கண்டிடா என்னும் மதுவத்தில் மட்டும் சோதித்து, ஒன்றுமில்லை என்று வடிநீரைக் கொட்டிவிடாதீர்கள். கிரிசியோபுல்வின் அதைத் தொடுவதில்லை.