குட்டியைத் தூக்குமுன் தாயின் இதயத்தைக் கேளுங்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. அம்பாசமுத்திரத்தில் தனியாக இருக்கிறேன். கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் என்ற சிறிய நாய் துணைக்கு நல்லது என்று கோயம்புத்தூரில் இருக்கும் என் மகன் சொல்கிறான். விற்பவரோ, 'குட்டி பிறந்து 38 நாள் ஆகிறது, சான்றிதழ் உண்டு, உடனே முன்பணம் அனுப்புங்கள்' என்கிறார். எங்கள் வீட்டில் சைவம். நம் ஊர் வெயிலை அது தாங்குமா? வாங்கலாமா?

பதில்: அன்புள்ள டீச்சர்,

முன்பணத்தை அனுப்பாதீர்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள். விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். 38 நாளில் தாயிடமிருந்து பிரித்து அனுப்பத் துணிகிறவர் மற்ற விஷயங்களில் எவ்வளவு அக்கறை காட்டியிருப்பார்?

உங்கள் மகன் சொன்னதில் ஒரு பாதி சரி. ஆறு முதல் எட்டு கிலோ எடை, சாதுவான குணம். மடிக்கென்றே வளர்க்கப்பட்ட இனம். அடுக்களைக்குப் போனால் அடுக்களை, வாசலுக்குப் போனால் வாசல் என்று காலைச் சுற்றிக்கொண்டே வரும். காலையில் பூட்டி மாலையில் திறக்கிற வீட்டில் அது ஏங்கிப்போய்விடும். நாள் முழுவதும் வீட்டில் இருக்கும் உங்களுக்குப் பொருந்தும். காவலை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். முன்பின் தெரியாதவரிடமும் வாலாட்டும்.

மற்றப் பாதிதான் எனக்குக் கவலை. இந்த இனத்தின் பழைய தோற்றத்தை மீட்க 1920-களில் இங்கிலாந்தில் முயன்றபோது மிகச் சில நாய்களை வைத்தே தொடங்கினார்கள். 1945-இல் தனி இனமாக அங்கீகாரம் கிடைத்தது. உறவுக்குள்ளேயே இணைத்து வந்ததால் நோயும் வம்சத்தோடு வந்துவிட்டது. இதயத்தின் மைட்ரல் வால்வு தடித்து, சரியாக மூடாமல், ரத்தம் பின்னோக்கிக் கசியும். ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய பாதி நாய்களுக்கு இதய இரைச்சல் கேட்கத் தொடங்குகிறது. பத்து வயதில் தப்புவது அபூர்வம். மண்டையோட்டுக்குள் மூளைக்கு இடம் போதாமல் கழுத்து வலியால் துன்பப்படுகிறவையும் உண்டு. இந்தக் காரணங்களால் இந்த இனத்தை இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு முரண் என்று 2022-இல் நார்வே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குட்டியின் தாய் தகப்பன் யார் என்று சான்றிதழ் சொல்லும், அவற்றின் இதயம் எப்படி என்று சொல்லாது. அதனால் விற்பவரிடம் கேட்க வேண்டியவை வேறு. தாயும் தகப்பனும் இரண்டரை வயதைக் கடந்தவையா? இணை சேர்த்த ஆண்டில் கால்நடை மருத்துவர் இரண்டின் இதயத்தையும் பரிசோதித்துக் கொடுத்த சீட்டு இருக்கிறதா? தாத்தா பாட்டி நாய்கள் ஐந்து வயதில் எப்படி இருந்தன? தாயை நேரில் பார்க்காமல் குட்டியைத் தொடாதீர்கள். தொட்டால் மனம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பதில் மழுப்பலாக வந்தால் புறப்பட்டு வந்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், உங்களுக்குக் குட்டியே வேண்டாம் என்பேன். ஊர் மாற்றம், வெளிநாட்டு வேலை என்று வளர்த்த நாயைக் கொடுத்துவிட நல்ல வீடு தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்து வயதான நாயின் இதயம் எப்படி என்பது ஏற்கெனவே தெரிந்திருக்கும். மூத்திரப் பழக்கமும் வந்திருக்கும். திருநெல்வேலியை அடுத்த ராமையன்பட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு முடிவு செய்யலாம். இதயம் பெரிதாகியிருந்தாலும் மருந்து உண்டு. பிமோபெண்டன் மாத்திரை இதயச் செயலிழப்பைச் சராசரியாக 15 மாதம் தள்ளிப்போடுகிறது என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் ஆயுள் முழுக்க அந்த மாத்திரைக்குச் செலவிட வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எந்த வயதில் எடுத்தாலும் ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். நாய் அயர்ந்து தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து விலாவைப் பாருங்கள். விலா ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கடிகாரத்தைப் பார்த்து அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கனவில் கால் உதறினால் அப்போது எண்ண வேண்டாம். நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருந்தால் நிம்மதி. அடுத்தடுத்து எண்ணியும் முப்பதைத் தாண்டினால் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவரிடம் போங்கள். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோப்பதை, இருமல் வருவதற்கு முன்பே இந்த எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிடும்.

வெயிலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மொட்டை மாடியில் கட்டினால் தாங்காது. சித்திரை, வைகாசியில் விடிவதற்குள் நடத்திவிட்டு, பிறகு இருட்டியபின்தான் வெளியே கூட்டிப்போக வேண்டும். தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் சில விநாடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் வெந்துபோகும். பகலில் மின்விசிறிக்குக் கீழே, சிமெண்ட் தரையில் படுக்க விடுங்கள்.

தாமிரபரணிக் கரையில் நடத்தினால் வீடு திரும்பியதும் காதைத் தூக்கிப் பாருங்கள். தொங்கும் காதுக்குள் காற்றுப் போகாது. ஈரம் தங்கினால் புண்ணாகும். உள்ளே புளித்த வாடை வந்தாலோ, தலையை உதறிக்கொண்டே இருந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். காதின் முடியில் புல்லின் ஊசியும் உண்ணியும் ஒளிந்திருக்கும். வாய் குறுகிய ஆழமான கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் காது நனையாது. வயல் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும் என்பதால், வெறிநாய்த் தடுப்பூசியோடு லெப்டோஸ்பைரோசிஸ் தடுப்பூசியையும் கேட்டுப் போடுங்கள்.

இனி சாப்பாடு. தயிர்ச்சோறு மட்டும் போட்டு வளர்த்தால் புரதம் போதாது. பாக்கெட்டில் வரும் உலர்தீனியில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும்; அதை அடுக்களைக்குள் கொண்டுவர மனம் ஒப்பவில்லை என்றால் தாழ்வாரத்தில் தனி டப்பாவில் வைத்து அங்கேயே போடலாம். அதுவும் கூடாது என்றால் நாய் வளர்ப்பதையே மறுபடி யோசியுங்கள். உங்கள் விரதத்தை அதன்மேல் ஏற்றுவது நியாயமில்லை. சொதி ஊற்றிய சோறு ஆகவே ஆகாது. அதிலிருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். அல்வாவும் வேண்டாம். இந்த இனம் கொடுப்பதையெல்லாம் தின்னும், ஏறுகிற ஒவ்வொரு கிலோவும் அந்த இதயத்துக்குச் சுமை.

விற்பவர் இதயப் பரிசோதனைச் சீட்டைக் காட்டினால் அதைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.