சொகுசுக் கப்பல் பயணம் பணக்கார முதியவர்களுக்கு மட்டும்தானா?

அமெரிக்காவில் அப்படி இல்லை. 1972-ல் டெட் அரிசன் தொடங்கிய கார்னிவல் போன்ற நிறுவனங்கள் நடுத்தரக் குடும்பங்களையே குறிவைத்தன. என் கணிப்பில், பணத்தைவிட லீவுதான் ஆளைப் பிரிக்கிறது. அங்கே தனியார் ஊழியருக்குச் சம்பளத்தோடு விடுப்பு தரச் சொல்லும் தேசியச் சட்டமே இல்லை. அதனால் வேலைக்குப் போகிறவர் வெள்ளியன்று ஏறித் திங்களன்று இறங்குகிறார். மாதக்கணக்கில் உலகம் சுற்றுவோர் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள்.

புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பும் பல கரீபியன் பயணங்களுக்கு, அமெரிக்கக் குடிமக்களுக்குப் பாஸ்போர்ட்கூடத் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழும் அரசு அடையாள அட்டையும் போதும். டெக்சாஸ்காரர்கள் தங்கள் மாநிலத்திலேயே உள்ள கால்வெஸ்டன் துறைமுகத்துக்குக் காரிலேயே போய்விடலாம், விமானச் செலவு மிச்சம்.

தனியாகப் போகிறவர் பாடுதான் திண்டாட்டம். கட்டணம் அறைக்கு இருவர் என்ற கணக்கில் இருப்பதால், பல கப்பல்களில் கிட்டத்தட்ட இரட்டிப்பாகக் கட்டவேண்டும். துணையை இழந்தவர்களுக்கு இது அநியாயம். 2010-ல் வந்த நார்வீஜியன் எபிக் கப்பலில் ஒற்றையாள் அறைகள் வைத்தார்கள்.