ஒரு பெரிய சிலையும் ஏழு சிறிய சிலைகளும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: முழுநீள அனிமேஷன் படங்களுக்கு ஆஸ்காரில் தனி விருது எப்போது தொடங்கியது? சிறந்த படத்துக்கான பொது விருதிலேயே அவையும் போட்டியிடலாமே, தனி வரிசை எதற்கு?
– வாசகி ஒருவர், தெம்பனிஸ்

பதில்: 2002ஆம் ஆண்டு விழாவில்தான் தொடங்கியது. முதலில் வென்ற படம் 'ஷ்ரெக்'. அதற்கு முன்பெல்லாம், மனம் வந்தபோது ஒரு சிறப்பு விருதைக் கொடுப்பதோடு ஆஸ்கார் அகாடமி நின்றுகொண்டது. அவற்றுள் மறக்க முடியாதது, ஏழு குள்ளர்களோடு வாழும் இளவரசியின் கதையான 'ஸ்னோ ஒயிட்' படத்துக்காக 1939இல் வால்ட் டிஸ்னிக்குக் கிடைத்த விருது. வழக்கமான அளவில் ஒரு பொற்சிலையும், அதன் பக்கத்தில் படிப்படியாக இறங்கும் பீடத்தில் ஏழு குட்டிச் சிலைகளுமாக அது அமைந்திருந்தது. அதை மேடையில் அவரிடம் கொடுத்தவர் அன்றைய குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள். அந்தப் புகைப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியோடு ஒரு வருத்தமும் வரும். அன்போடு செய்த சிறப்புதான், ஆனாலும் பந்தியில் உட்காரவைக்காமல் உள்ளறையில் தனி இலை போட்டதைப் போன்ற சிறப்பு.

பொது விருதில் போட்டியிட இன்றும் தடை இல்லை. ஆனால் 1991இன் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்', 2009இன் 'அப்', 2010இன் 'டாய் ஸ்டோரி 3' ஆகிய மூன்று அனிமேஷன் படங்கள் மட்டுமே இதுவரை அந்தப் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன, ஒன்றும் வெல்லவில்லை. ஆகவே தனி வரிசை வேண்டும் என்பதே என் துணிபு. அது இருந்ததால்தான், கையால் வரையப்பட்ட ஜப்பானியப் படமான 'ஸ்பிரிட்டட் அவே' 2003இல் அந்த மேடையை எட்டியது. 2025இல் லாட்வியா நாட்டுக்கு அதன் முதல் ஆஸ்காரை 'ஃப்ளோ' பெற்றுத் தந்தது. ஒரு வசனம்கூட இல்லாத 'ஃப்ளோ' படத்தை என் அக்காள் மகளோடு வீட்டில் பார்த்தேன். வெள்ளம் ஏற ஏற அந்தக் கறுப்புப் பூனை படகின் விளிம்பில் காதுகளைப் பின்னுக்குச் சாய்த்தபடி நின்றபோது, எட்டு வயதுப் பிள்ளை என் கையைப் பிடித்த பிடியைப் படம் முடியும்வரை விடவில்லை.

எனக்கு உண்மையிலேயே வலிப்பது வேறொன்று. 2022 விழாவில் இவ்விருதை அறிவித்தவர்கள், குழந்தைகள் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் பெற்றோர் பொறுத்துக்கொள்வதுமே இவ்வகைப் படங்கள் என்னும் தொனியில் பேசினார்கள். ஒரு படத்துக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்த கலைஞர்கள் எதிரில் அமர்ந்திருக்கச் சொல்லப்பட்ட சொல் அது. வீட்டுப் பிள்ளைகள் பார்த்த படத்துக்கே சில உறுப்பினர்கள் வாக்களித்துவிடுகின்றனர் என்ற குறையும் நெடுங்காலமாக இருந்து வந்தது. ஒரு பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட படங்கள் அனைத்தையும் பார்த்தவர்களே அதன் இறுதிச் சுற்றில் வாக்களிக்கலாம் என்று 2025இல் அகாடமி விதித்திருப்பதை, தாமதமாக வந்தாலும், நான் மனதார வரவேற்கிறேன்.

கேள்வி: ரஜினிகாந்த் நடித்த 'கோச்சடையான்' போன்ற படத்தை ஆஸ்கார் விதிகள் அனிமேஷன் என்று ஏற்குமா?
– மாணவர் ஒருவர், ஈசூன்

பதில்: படம் 40 நிமிடத்துக்கு மேல் ஓடவேண்டும், அந்த நேரத்தில் 75 விழுக்காட்டுக்குக் குறையாமல் அனிமேஷன் இருக்கவேண்டும், முதன்மைப் பாத்திரங்களில் கணிசமானவை அவ்வாறு உருவானவையாக இருக்கவேண்டும், அவற்றின் அசைவு சட்டகம் சட்டகமாக, அதாவது ஒவ்வொரு தனிப்படமாக, அமைக்கப்பட்டிருக்கவேண்டும். 2014இல் வந்த 'கோச்சடையான்', நடிகரின் உடலில் உணர்கருவிகளைப் பொருத்தி அவருடைய அசைவைக் கணினியில் பதிவுசெய்யும் 'மோஷன் கேப்சர்' முறையில் எடுக்கப்பட்டது. அம்முறை தனியாக நின்றால் அனிமேஷன் ஆகாது என்று 2010இல் விதி திருத்தப்பட்டுவிட்டது. எனவே, பதிவான அசைவின்மேல் கலைஞர்கள் எவ்வளவு கைவேலை செய்தார்கள் என்பதைப் பொறுத்தே அதன் தகுதி முடிவாகும்.

இதில் நடுவர்கள் எல்லாரும் ஒருமனப்பட்டவர்கள் அல்லர். அம்முறையில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த 'டின்டின்' படத்துக்கு 2012இல் அமெரிக்காவின் கோல்டன் குளோப் விருது கிடைத்தது. அதே ஆண்டு ஆஸ்கார் அனிமேஷன் பட்டியலில் அது இல்லை. பென்குவின்களின் நடனத்துக்கு அம்முறையைக் கையாண்ட 'ஹேப்பி ஃபீட்' விதி மாறுவதற்கு முன்பே, 2007இல், வென்றுவிட்டது. விதியின் நோக்கம் எனக்கு விளங்குகிறது. களிமண் பொம்மையின் விரலை மயிரிழை நகர்த்திப் படம்பிடித்து, மீண்டும் நகர்த்தி, அப்படி 24 சட்டகங்களைச் சேர்த்தால்தான் திரையில் ஒரு விநாடி ஓடும். அந்த உழைப்பைக் காக்கவே விதி வந்தது.

கேள்வி: ஆஸ்கார் தவிர வேறு எந்த விருதுகளைக் கவனிக்கலாம்?
– வாசகர் ஒருவர், சுவா சூ காங்

பதில்: பிரான்சின் அன்சி நகரில் 1960 முதல் நடந்துவரும் அனிமேஷன் விழாவை முதலில் சொல்வேன், அதன் 'கிறிஸ்டல்' விருது பெற்ற படங்களைத் தேடிப் பாருங்கள். அமெரிக்காவில் இத்துறைக்கென்றே அமைந்த ஆனி விருதுகள் 1972இலிருந்து வழங்கப்படுகின்றன. பிரிட்டனின் பாஃப்டாவும் கோல்டன் குளோபும் 2007இல்தான் தனிப் பிரிவு தொடங்கின.

கேள்வி: என் மகன் பல்துறைத் தொழிற்கல்லூரியில் அனிமேஷன் படிக்கிறான். சிங்கப்பூரிலிருந்து இத்தகைய மேடைகளுக்குச் சென்ற முழுநீளப் படம் உண்டா?
– தாய் ஒருவர், உட்லண்ட்ஸ்

பதில்: உண்டு, அம்மா. நம் இயக்குநர் எரிக் கூ 2011இல் எடுத்த 'தாட்சுமி' கான் திரைப்பட விழாவின் அதிகாரபூர்வத் தேர்வில் இடம்பெற்றது. ஜப்பானியப் படக்கதை ஓவியர் யோஷிஹிரோ தாட்சுமியின் வாழ்க்கையையும் அவர் எழுதிய கதைகளையும் சேர்த்துச் சொல்லும் படம். அதில் பேசும் மொழி ஜப்பானியம், அனிமேஷன் வேலைகள் நடந்தது கடலுக்கு அப்பால் பாத்தாமில். ஆஸ்காரின் வெளிநாட்டு மொழிப் படப் பிரிவுக்குச் சிங்கப்பூர் இதைத்தான் அனுப்பியது. இறுதிப் பட்டியலை எட்டவில்லை என்றாலும், மற்ற நாடுகளின் நடிகர்கள் நடித்த படங்களோடு ஒரே வரிசையில் நிற்க ஓர் அனிமேஷன் படத்தை நம் நாடு தேர்ந்தெடுத்தது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

பெரிய வெளிநாட்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தால்தான் எதிர்காலம் என்று மகன் எண்ணியிருந்தால், 'ஃப்ளோ' படத்தின் இயக்குநர் கின்ட்ஸ் சில்பலோடிஸ் வந்த வழியையும் அவருக்குச் சொல்லுங்கள். முதல் முழுநீளப் படமான 'அவே'யை அவர் தன்னந்தனியாகவே செய்து முடித்தார். ஆஸ்கார் வென்ற இரண்டாவது படத்தைச் சிறிய குழுவோடு, 'பிளெண்டர்' என்னும் மென்பொருளில் உருவாக்கினார். அந்த மென்பொருள் இலவசம். உங்கள் மகன் இன்றிரவே தம் கணினியில் இறக்கிக்கொள்ளலாம்.