தூரத்தில் வரும்போதே

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு, ஸ்தோத்திரம்.

களியக்காவிளைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். அப்பா விட்டுப்போன ரப்பர் விளையில் தம்பிக்கு உரிய 20 சென்டையும் என் பெயரில் எழுதிக்கொண்டேன். அவன் கேட்டபோதெல்லாம் மழுப்பினேன். இப்போது அவன் உயிரோடு இல்லை. மனைவியும் பிள்ளைகளும் பாறசாலையில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மனந்திரும்பினால் எல்லாம் மன்னிக்கப்படும் என்று கன்வென்ஷன் கூட்டத்தில் பிரசங்கியார் சொன்னார். மன்னிக்க வேண்டியவனே போய்விட்ட பிறகு தேவன் எப்படி மன்னிப்பார்? அப்பமும் திராட்சரசமும் பெறும் இராப்போஜன ஞாயிறுகளில் நான் பாதி ஆராதனையில் எழுந்து வந்துவிடுகிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள அண்ணாச்சிக்கு, ஸ்தோத்திரம்.

கன்வென்ஷன் பந்தலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி இது. தாவீது ராஜாவும் இதே இடத்தில்தான் நின்றான். தன் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனைப் போர்முனையில் சாகக் கொடுத்த பிறகு, மன்னிப்புக் கேட்க உரியா இல்லை. 51ஆம் சங்கீதத்தில் "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்று தாவீது கதறும்போது உரியாவை மறந்துவிட்டான் என்று நான் நினைக்கவில்லை. உரியாவுக்குச் செய்தது அவனைப் படைத்தவருக்கே செய்தது என்று உணர்ந்து கதறுகிறான். உங்கள் தம்பியும் அவருடைய பிள்ளை. தம்பிக்காகக் கணக்குக் கேட்கவும் மன்னிக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

லூக்கா 15இல் இயேசு சொன்ன உவமையில், தகப்பன் சொத்தில் தன் பங்கை வாங்கி அழித்துவிட்ட இளைய மகன் திரும்பி வருமுன் ஒரு பேச்சைத் தயார்செய்துகொள்கிறான்: பாவஞ்செய்தேன், மகன் எனப்படத் தகுதியில்லை, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். ஆனால் அவன் தூரத்தில் வரும்போதே தகப்பன் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். 21ஆம் வசனத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள்: மகன் முதல் இரண்டையும் சொல்லிவிடுகிறான், கூலிக்காரன் என்ற பேச்சு வாயில் வருமுன்பே தகப்பன் உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறான். உழைத்துக் கடனை அடைத்துவிட்டுப் பிறகு பிள்ளையாகலாம் என்ற ஏற்பாட்டுக்கு அந்த வீட்டில் இடமே இல்லை. நீங்கள் பாதியில் எழுந்து போகும்போதெல்லாம், தகப்பன் சொல்லவிடாத அந்தப் பேச்சைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். தகுதியைக் காட்டித் தெருவுக்கும் கோயிலுக்கும் வெளியே நிறுத்தப்பட்ட மக்கள், மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் காலத்தில், 1809இல் நம் குமரி மாவட்டத்து மயிலாடியில் ஆலயம் எழுப்பினார்கள். அந்த வழிவந்த சபைகளில் ஒருவர் தகுதி பார்த்துத் தம்மையே விலக்கிக்கொள்வது எனக்கு வேதனையாக இருக்கிறது.

இதனால் அந்த 20 சென்ட் உங்களுடையதாகிவிடாது. இயேசு, வரி வசூலித்துப் பணம் சேர்த்த சகேயுவை மரத்திலிருந்து இறங்கச் சொன்னபோது அவன் யாருக்கும் எதையும் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. அவர் தன் வீட்டுக்கு வந்த பிறகே, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று நின்று சொன்னான். கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா என்று ரோமர் 6இல் கேட்கும் பவுல், "கூடாதே" என்று அங்கேயே முடித்துவிடுகிறார். மன்னிக்கப்பட்டேன் என்று சொல்லிக்கொண்டே தம்பியின் மரத்தில் பால் வெட்டுகிறவருக்கும் அதுதான் பதில். சார்பதிவாளர் அலுவலகத்தில் தம்பி குடும்பத்தின் பெயருக்கு எழுதிக்கொடுங்கள். இத்தனை வருஷத்து வருமானத்தில் அவர்களுக்குரிய பங்கையும் கொடுங்கள். தம்பி மனைவி உங்கள் முகத்தைப் பார்க்க மறுக்கலாம். மன்னித்தே ஆக வேண்டும் என்று அவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை.

பத்திரம் முடியட்டும் என்று இராப்போஜனத்தைத் தள்ளிப்போடவும் வேண்டாம். அபாத்திரமாய், அதாவது தகாத விதமாய்ப் புசிப்பதைக் குறித்து எச்சரிக்கும் பவுலே, 1 கொரிந்தியர் 11:28இல், ஒருவன் தன்னைத்தானே சோதித்தறிந்து அப்பத்தில் புசிக்கக்கடவன் என்கிறார். சோதித்தறிந்து எழுந்து போகச் சொல்லவில்லை. நீங்கள் சோதித்தறிந்துவிட்டீர்கள் என்பதற்கு உங்கள் கடிதமே சாட்சி. பத்திரத்துக்கு நாள் குறித்துவிட்டு, வருகிற இராப்போஜன ஞாயிறன்று மற்றவர்களோடு போய் முழங்காலிடுங்கள்.