பதினோரு கதையும் திரும்பி வந்துடுச்சு, இனிமே எழுதலாமா வேண்டாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயசு. ஒரு ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், ராத்திரி உக்காந்து சிறுகதை எழுதுவேன். ரெண்டு வருஷத்துல 11 கதை பத்திரிகைகளுக்கு அனுப்பிட்டேன். ஏழுக்கு பதிலே இல்ல. மூணுக்கு "பிரசுரத்துக்கு ஏற்றதாக இல்லை"ன்னு ஒரே மாதிரி மெயில். ஒண்ணுக்கு மட்டும் "முடிவு சரியா வரல, வேற இருந்தா அனுப்புங்க"ன்னு வந்துச்சு. அதுவும் ரிஜெக்ட்தானே. எங்க அண்ணன் "உனக்கு இது வராது, டைம் வேஸ்ட்"னு சொல்றான். அவன் சொல்றது சரியோன்னு இப்ப எனக்கே தோணுது. அந்த ஒரு கதையை இதோட வச்சிருக்கேன். படிச்சுட்டு உண்மையை சொல்லுங்க, எனக்கு திறமை இருக்கா இல்லையா? பேர் போட வேண்டாம்.

பதில்:

தங்கச்சி, லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன், கதையை மூணு தடவை. திறமை இருக்கா இல்லையான்னு கேட்டதுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல. தட்டிக் கழிக்கிறேன்னு நினைக்காதீங்க, 11 கதையில அதை யாராலயும் சொல்ல முடியாது, உங்க அண்ணனாலயும் முடியாது என்னாலயும் முடியாது. ஆனா உங்க லெட்டர்ல வேற ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, முதல்ல அதுக்கு வர்றேன்.

பதினோரு பதிலையும் ஒரே மூட்டையா கட்டி "ரிஜெக்ட்"னு பேர் வச்சுட்டீங்க. பிரிச்சுப் பாருங்க. பதிலே வராத ஏழுல உங்க கதையைப் பத்தி ஒரு தகவலும் கிடையாது. படிச்சாங்களா, மெயில் ஸ்பாம்ல போயிடுச்சா, அந்த மாசத்துக்குப் பக்கம் நிரம்பிடுச்சா, ஒண்ணும் தெரியாது. அந்த மூணு மெயில் எல்லாருக்கும் போற டெம்ப்ளேட். அதுல இருந்து தெரியறது ஒண்ணே ஒண்ணுதான், இந்தக் கதை இப்போதைக்கு இந்த இடத்துக்கு வேண்டாம்னுட்டாங்க. மிச்சம் இருக்கறது ஒண்ணு. ஒரு எடிட்டர், தினமும் மேஜையில கதை குவியுற ஆளு, உங்களுக்குன்னு தனியா ரெண்டு வரி டைப் பண்ணிருக்காரு. எங்க தப்புன்னு சொல்லிட்டு, இன்னும் அனுப்பச் சொல்லியும் கேட்டிருக்காரு. அது வந்து எட்டு மாசம் ஆச்சுன்னு நீங்க ஃபார்வர்ட் பண்ணின மெயில்ல தேதி இருக்கு. எட்டு மாசமா அவருக்கு எதுவுமே அனுப்பல நீங்க! எனக்கு நிஜமாவே கோவம் வந்துச்சு, அப்புறம் நான் பண்ணின கூத்து ஞாபகம் வந்து அடங்கிட்டேன்.

எனக்கு அப்போ 22. முதல் கதை போஸ்ட்ல திரும்பி வந்துச்சு, மூணாம் பக்கத்துல பென்சிலால ஒரு கோடு, மார்ஜின்ல "இங்கே ஆரம்பிக்கலாம்"னு எழுதியிருந்துச்சு. கடைசிப் பக்கத்துல "சுமார்". அந்த "சுமார்" மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. நாலு வருஷம் எதுவும் அனுப்பல. எழுதினேன், ஆனா பெட்டிக்குள்ள போட்டேன். அப்புறம் ஒரு நாள் வீடு மாத்தறப்போ அந்தக் கதை கையில கிடைச்சு, பெட்டி மேலயே உக்காந்து படிச்சா, அவர் கோடு போட்ட இடத்துலதான் கதை ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி ரெண்டரை பக்கம் நான் தொண்டையை செருமிட்டு இருந்திருக்கேன். "சுமார்"ங்கறதும் நியாயமான மார்க்குதான். அந்த எடிட்டருக்கு என் பேர்கூட மறுநாள் ஞாபகம் இருந்திருக்காது, நான் நாலு வருஷம் அவர்கூட மனசுக்குள்ள சண்டை போட்டுட்டு இருந்தேன்.

பெரிய ஆளுங்க எல்லாம் எத்தனை தடவை ரிஜெக்ட் ஆனாங்கன்னு வாட்ஸ்அப்ல லிஸ்ட் சுத்தும், உங்களுக்கும் யாராவது அனுப்பியிருப்பாங்க. எனக்கு அந்த லிஸ்ட் பிடிக்காது. அதே மாதிரி திரும்பி வந்து கடைசி வரைக்கும் பேரே தெரியாம போனவங்க அதுல இருக்க மாட்டாங்க, அதனால "விடாம இருந்தா கண்டிப்பா ஜெயிப்போம்"னு அதை வச்சு சொல்றது ஏமாத்து வேலை. இன்னொண்ணு, எத்தனை தடவைன்னு எண்ணிக்கை போடுவாங்க, ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவுல அவங்க என்ன பண்ணாங்கன்னு போட மாட்டாங்க. நமக்கு வேண்டியது அந்த நடுவுல நடந்ததுதான்.

அமெரிக்காவுல திகில் கதை எழுதற ஸ்டீபன் கிங்கை எடுத்துக்கங்க. பள்ளிக்கூடம் படிக்கறப்பவே பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பி, திரும்பி வர்ற சீட்டை எல்லாம் சுவத்துல ஒரு ஆணியில குத்தி வைப்பாராம். 14 வயசுலயே ஆணி கனம் தாங்கல, பெரிய ஆணியா அடிச்சுட்டு எழுதிட்டே இருந்தேன்னு அவரே எழுதியிருக்காரு. இந்த ஆணிக் கதையை எல்லாரும் சொல்வாங்க. ஆனா அந்தச் சீட்டுங்கள்ல ஒண்ணுல, ஸ்கூல் கடைசி வருஷம்னு ஞாபகம், ஒரு எடிட்டர் கையால ஒரு வரி எழுதி அனுப்பினாரு, பரவால்ல ஆனா ஊதிப் போயிருக்கு, ரெண்டாவது டிராஃப்ட் முதல் டிராஃப்டை விட பத்து சதவீதம் கம்மியா இருக்கணும்னு. பையன் அதை ஒரு அட்டையில காப்பி பண்ணி டைப்ரைட்டர் பக்கத்து சுவத்துல ஒட்டி வச்சுட்டான். அதுக்கப்புறம் கொஞ்ச நாள்லயே வர்ற பதிலோட டோன் மாற ஆரம்பிச்சுதுன்னு சொல்றாரு. ரிஜெக்ட் சீட்டுதான் அதுவும். உங்ககிட்ட இருக்கற ரெண்டு வரி மாதிரியேதான்.

வில்லியம் கோல்டிங்னு ஒரு இங்கிலாந்து எழுத்தாளர், அப்போ ஸ்கூல் வாத்தியார். அச்சுல வந்த அவரோட முதல் நாவல் 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்', ஒரு தீவுல மாட்டிக்கிட்ட பசங்க கதை, ஒவ்வொரு பதிப்பகமா போய்த் திரும்பிட்டே இருந்துச்சு. ஃபேபர் அண்ட் ஃபேபர் பதிப்பகத்துல படிச்சுப் பாத்தவங்க குப்பை, போர், அர்த்தமில்லைன்னு எழுதி ஓரமா வச்சுட்டாங்க. புதுசா வேலைக்குச் சேர்ந்த சார்லஸ் மான்டீத்னு ஒரு எடிட்டர் அதை எடுத்துப் படிக்கறாரு. அவருக்கும் ஆரம்பம் பிடிக்கல. ஏன்னா ஆரம்பத்துல அணு ஆயுதப் போரைப் பத்தி வர்ணனையா வருது, பசங்க அப்புறமாத்தான் தீவுக்கு வர்றாங்க. அதைத் தூக்கச் சொன்னாரு, கோல்டிங் தூக்கினாரு, 1954-ல புக் வந்துச்சு, இப்ப முதல் வரியிலயே ஒரு பையன் பாறையில இருந்து இறங்கி வர்றான். 1983-ல நோபல் பரிசு வாங்கினவரு. ஓரமா வச்சவங்க முட்டாளுன்னு நாம சுலபமா சொல்லிடுவோம், ஆனா அந்த முதல் பக்கங்கள்ல அவங்க தடுக்கி விழுந்ததுல தப்பில்லையே. ஸ்க்ரிப்ட்ல குறையும் இருந்துச்சு, உசிரும் இருந்துச்சு, ரெண்டும் ஒரே காகிதத்துல.

அதுக்காக யார் என்ன சொன்னாலும் மாத்திக்கங்கன்னு நான் சொல்லல. பியாட்ரிக்ஸ் பாட்டர்னு ஒரு அம்மா, முயல் படம் போட்டு குழந்தைங்க புக் பண்ணவங்க, சின்னப் பிள்ளைங்க கையில அடங்கற மாதிரி குட்டி சைஸ்லதான் வேணும்னு நின்னாங்க, பதிப்பகங்கள் வேண்டாம்னுட்டாங்க. 1901 டிசம்பர்ல சொந்தக் காசுல 250 காப்பி அடிச்சாங்க, உள்ள எல்லாம் கறுப்பு வெள்ளைப் படம். அப்புறம் ஒரு பதிப்பகம் கலர் படம் போட்டுத் தந்தா எடுத்துக்கறோம்னு வந்தப்போ உக்காந்து கலர்ல போட்டுக் குடுத்தாங்க, 1902-ல வெளிவந்துச்சு. சைஸை விட்டுக் குடுக்கல, கலருக்கு ஒத்துக்கிட்டாங்க. எதை விடணும், எதைப் பிடிச்சுக்கணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அதுக்கு ஃபார்முலா எதுவும் கிடையாது. நான் பண்றது இதுதான், ஒருத்தர் சொன்னா கேட்டு வச்சுப்பேன், ஒருத்தருக்கொருத்தர் தெரியாத ரெண்டு பேர் ஒரே பக்கத்துல தடுக்கினா அங்க பள்ளம் இருக்குன்னு அர்த்தம், மூடிடுவேன்.

சரி, உங்க வாட்ச் கதை. செத்துப்போன அப்பாவோட கைக்கடிகாரத்தை எடுத்துட்டு ஒரு பொண்ணு ரிப்பேர் கடைக்குப் போறா. நல்ல கதைதான். ஆனா முதல் ஒண்ணேகால் பக்கம் மழை. மழையில நனைஞ்ச தெரு, மழையில நனைஞ்ச நாய், மழை அவளுக்கு ஞாபகப்படுத்தற மழைங்க. வாட்ச் ரெண்டாம் பக்கம் பாதியிலதான் கைப்பையில இருந்து வெளிய வருது. மழையை வெட்டிடுங்க. வலிக்கும், நல்ல வரி ரெண்டு அதுல போயிடும், போகட்டும். "ஸ்ட்ராப்ல அப்பாவோட கைமுடி ஒண்ணு ஒட்டியிருந்தது, ரிப்பேர்காரர் அதை ஊதி விட்டார்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதைப் படிச்சதும் நான் பேப்பரைக் கீழ வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அந்த ஒரு வரிக்கு முன்னாடி உங்க மழை எல்லாம் எடுபடாது.

முடிவு சரியா வரலன்னு எடிட்டர் சொன்னது கரெக்ட். அவ வீட்டுக்கு வந்து வாட்சை டிராயர்ல வைக்கறா, ராத்திரி உள்ள இருந்து டிக் டிக்னு கேக்குது. அங்க நிறுத்தியிருக்கணும். நீங்க நிறுத்தல, கீழ இன்னொரு பத்தி போட்டு காலம், நினைவு, அப்பாக்கள் இறப்பதில்லைன்னு பிரசங்கம் பண்ணிட்டீங்க. வாசகிக்குப் புரியாதோன்னு பயம், எல்லாருக்கும் ஆரம்பத்துல இருக்கறதுதான், எனக்கு இப்பவும் இருக்கு.

அண்ணன் விஷயம். அவர் கடைசியா எப்ப ஒரு சிறுகதை படிச்சாருன்னு கேளுங்க. சண்டைக்கு இல்ல, சும்மா கேளுங்க. கதையே படிக்காத ஆளோட தீர்ப்பை இவ்ளோ கனமா தூக்கிட்டு அலையறீங்க, கதை படிக்கறதே வேலையா வச்சிருக்கற ஆளோட ரெண்டு வரியை ரிஜெக்ட்தானேன்னு ஒதுக்கிட்டீங்க. அவருக்கு இனிமே டிராஃப்ட் காட்டாதீங்க. வேலையை மட்டும் விட்டுடாதீங்க, அடுத்த மாச வாடகைக்கு வழி இருந்தாத்தான் ஒரு கதையை எட்டு தடவை திருத்த பொறுமை வரும்.

இன்னும் ஒரு வருஷம் எழுதுங்க. அடுத்த கதையோட முதல் பக்கம் எழுதாம எந்தக் கதையையும் அனுப்பாதீங்க, இதை மட்டும் கட்டாயமா வச்சுக்கங்க. கைவசம் ஒண்ணு ஓடிட்டிருந்தா இன்பாக்ஸை நாளைக்கு நாப்பது தடவை திறக்க மாட்டீங்க, பழசு திரும்பி வந்தாலும் அன்னிக்கு ராத்திரி உக்கார ஒரு இடம் இருக்கும். திரும்பி வந்ததை ஒரு வாரம் தொடாம வைங்க, அப்புறம் வாய்விட்டு சத்தமா படிங்க, நாக்கு எங்க சிக்குதோ அங்க பென்சில். ஒண்ணும் சிக்கலன்னா அப்படியே வேற இடத்துக்கு அனுப்புங்க, ஒவ்வொரு ரிஜெக்டுக்கும் கதையைப் பிச்சுப் போட்டு மறுபடி கட்டிட்டு இருந்தா கடைசியில அது யாரோட கதையாவும் இருக்காது. பதிலே வராத இடத்துக்கு மூணு மாசம் கழிச்சு மரியாதையா ஒரு வரி கேட்டு எழுதலாம், தப்பே இல்ல. அந்த ஏழுல ரெண்டு மூணு பேர் கதையைப் பாத்தே இருக்க மாட்டாங்க.

ஒரு வருஷம் கழிச்சும் எழுதப் பிடிக்கலன்னா விட்டுடுங்க, அதுல ஒரு அவமானமும் இல்ல. பிடிக்கலங்கறது உங்க வாயில இருந்து வரணும், அவ்ளோதான், அண்ணன் வாயில இருந்து இல்ல.

இந்த வாரமே அந்த எடிட்டருக்கு மெயில் போடுங்க. எட்டு மாசம் ஆச்சேன்னு விளக்கம், மன்னிப்பு எல்லாம் வேண்டாம், அவர் நாள் எண்ணிட்டு இருக்கல. முன்ன ஒரு கதைக்கு முடிவு பத்தி சொன்னீங்க, நன்றி, இது புதுசுன்னு ரெண்டு வரி. வாட்ச் கதையை மறுபடி பாக்கறீங்களான்னு அதுலயே கேட்டுக்கலாம்.

ஆங், வாட்ச்னதும் ஞாபகம் வருது. ரிப்பேர்காரர் மூணாம் பக்கத்துல "உள்ள எல்லாம் தேஞ்சு போச்சும்மா, இனி இது ஓடாது"ன்னு சொல்லித்தானே திருப்பிக் குடுக்கறாரு? அப்புறம் எப்படி ராத்திரி டிராயருக்குள்ள டிக் டிக்னு கேக்குது? வேணும்னே வச்சீங்களா, மறந்துட்டீங்களா? கடைசியில அவ்ளோ பிரசங்கம் பண்ணினீங்களே, அதுல இதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. மறதியாவே இருந்தாலும் திருத்திடாதீங்க.